ஹோமரை ஏன் இப்படி ஆக்கினார்கள்?

1989-இல் தொடங்கிய 'சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் இன்னும் ஓடுகிறது, அதில் வரும் சிறுவன் பார்ட்டுக்கு இன்னும் 10 வயதுதான், சரி, கார்ட்டூனில் அது பரவாயில்லை. ஆனால் அவன் அப்பா ஹோமரை என்ன செய்து வைத்திருக்கிறார்கள்? 1995-இல் வந்த ஒரு பகுதியில், 'மறக்காதே, நீ என்றைக்கும் இங்கேதான்' என்று முதலாளி மாட்டிய பலகையின் மேல் குழந்தை மேகியின் படங்களை ஒட்டி ஒட்டி, 'அவளுக்காகச் செய்' என்று வரும்படி மாற்றியிருப்பான். இன்றைக்குப் பார்த்தாலும் தொண்டை அடைக்கும். அந்த அப்பா எங்கே போனான்? இப்போது வெறும் முரட்டு மடையன். 'பிடிக்கலைன்னா பார்க்காதே' என்கிறார்கள், பிடித்ததால்தானே வயிறு எரிகிறது! 1997-இல் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னரே போலி ஆள் என்றார்கள். அப்புறம், 1974-இல் பள்ளியில் சந்தித்த ஹோமரும் அவன் மனைவி மார்ஜும் 2008-இல் வந்த கதையில் திடீரென்று தொண்ணூறுகளின் இளம் ஜோடி. அப்படியென்றால் நாம் முன்பு பார்த்து உருகியதெல்லாம் நடக்கவே இல்லையா?