இந்த ஊருக்கு இந்தக் கார் தேவையா?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், எங்கள் தெருவில் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இந்த ஊருக்கு இந்தக் கார் தேவையா?" பால்காரர் கேட்கிறார். மாமனார் புதுச்சேரிக்கு வரும்போதெல்லாம், கை கால் கழுவும் முன்பே கேட்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர், நான் தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடிக்கும்வரை திண்ணையில் பொறுமையாக அமர்ந்திருந்து, கடைசி முடிச்சைப் போட்ட பிறகு கேட்கிறார்.

இரண்டே இருக்கை, துணிக்கூரை, நீண்ட மூக்கு, பின்சக்கரங்களுக்கு மட்டுமே இன்ஜினின் விசை. பதினாறு வயதான ஸ்போர்ட்ஸ் கார். ஒரு புதிய குடும்பக் காரின் விலையைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன். யார் தயாரிப்பு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பேச்சு மைலேஜ் பக்கம் போய்விடும்.

குளிர் நாடுகளில் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவனை யாரும் பைத்தியக்காரனாகப் பார்ப்பதில்லை. பனி வருகிறதா, அதற்கு ஏற்பாடு செய்கிறான். வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும் என்பதால் குளிர்கால டயருக்கு மாறுகிறான். பின்சக்கரங்கள் வழுக்காமலிருக்க டிக்கியில் மணல் மூட்டை வைக்கிறவர்களும் உண்டு. ஜெர்மனியில் பனி படர்ந்த சாலையில் அதற்குரிய டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று 2010 இல் சட்டத்தையே தெளிவாக்கிவிட்டார்கள். இங்கே நான் "குளிர்காலத்துக்குக் காரைத் தயார் செய்கிறேன்" என்றால் சிரிக்கிறார்கள். நமக்கு ஏதய்யா குளிர்காலம் என்கிறார்கள்.

இருக்கிறது. நம் குளிர்காலத்துக்குத் தண்ணீர் என்று பெயர். மார்கழி விடியலில்கூட இங்கே இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ரப்பர் விறைக்காது, சரி. ஆனால் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் தலையில் கொட்டுகிறதே, அது பருவம் இல்லையா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதை மறந்துவிட்டோமா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்ததே? ஜெர்மானியன் பனிக்குத் தயாராவதுபோல் நான் தண்ணீருக்குத் தயாராகிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதல் சண்டை டயர் கடையில். பின்சக்கர வண்டியில் பின் டயர்தான் முதலில் தேயும். செப்டம்பர் கடைசியில் பார்த்தேன், பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இருந்தது. 1.6 வரை சட்டம் விடும்; மழை விடாது. பின்னால் இரண்டு டயர் மாற்ற வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணே, ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது? புதியதை முன்னால் போடுங்கள். பின்னால் சும்மா உருளப்போகிறது, அதற்கு எதற்குக் காசு?"

சும்மா உருளப்போகிறதாம். என் காரை நகர்த்துவதே அந்தச் சும்மா உருளுவதுதான். முன்சக்கர வண்டியாகவே இருந்தாலும் நல்ல டயர் பின்னால்தான் இருக்க வேண்டும். முன் டயர் பிடிப்பு இழந்தால் கார் வளையாமல் நேராகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் பிடிப்பு இழந்தால் வால் சுழன்று முன்னால் வந்துவிடும். அதற்குள் நீங்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இதைச் சொன்னால் "அது உங்கள் காருக்கு அண்ணே" என்கிறார். போதாததற்கு என் பின் டயர் முன் டயரைவிட அகலம். அந்த அளவு இங்கே கிடைக்காது, சென்னையில் சொல்லி வரவழைக்க வேண்டும். வந்து சேரப் பத்து நாள். அதற்குள் மழை தொடங்கிவிட்டது.

அங்கேயே ஒரு பையன், மழைக்குக் காற்றைக் குறைத்துக்கொண்டால் நன்றாகப் பிடிக்கும் என்று வால்வில் கை வைத்தான். கையைத் தட்டிவிட்டேன். காற்றைக் குறைப்பது மணலில் ஓட்டத்தான். மணலுக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விமான டயர்களை வைத்து அறுபதுகளில் கண்ட ஒரு வாய்பாடு இருக்கிறது: தேங்கிய நீரின் மேல் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 32 பி.எஸ்.ஐ. இருந்தால் ஏறக்குறைய மணிக்கு 94 கிலோமீட்டரில் மிதக்கும். 24 ஆக இறக்கினால் 82 இலேயே மிதக்கும். தேய்ந்த டயருக்கும் அகல டயருக்கும் அதற்கும் முன்பே. அந்தப் பையன் நல்லவன்தான். ஆனால் அந்தக் கைவண்ணத்தோடு எத்தனை பேர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறார்களோ.

சரி, டயர் வந்தது, மாட்டியாயிற்று. வைப்பர் ரப்பர் மாற்றினேன், பேட்டரி பார்த்தேன், பிரேக் ஆயில் மாற்றினேன். துணிக்கூரையின் ஓரத்தில் தண்ணீர் வடியும் குழாய்களை நைலான் கம்பியால் குத்தி, ஒரு கைப்பிடி மக்கிய வேப்பிலையை வெளியே எடுத்தேன். அதை அடைக்கவிட்டால் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இறங்கி, கூரையை இயக்கும் மோட்டாரைக் குளிப்பாட்டிவிடும். என் கையால் செய்யக்கூடிய அனைத்தையும் செய்துவிட்டேன். பிறகு தெருமுனைக்கு வந்தேன்.

வேகத்தடை.

எங்கள் நகரில் நான்கு குறுக்குத் தெருக்களுக்கு ஆறு வேகத்தடைகள். எது எப்போது முளைத்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்று ஓர் அளவு எழுதிவைத்திருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் பத்து சென்டிமீட்டர். அதாவது ஒரு கார் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேடு. எங்கள் தெருவில் இருப்பது, மிஞ்சிய தார்க்கலவையைக் கூடையோடு கவிழ்த்து, மண்வெட்டியின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டிய உருப்படி. அகலம் ஒரு முழம். உயரம் அன்றைய கூலியாளின் மனநிலை. என் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே பதினொரு சென்டிமீட்டர்தான். கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, பிள்ளைத்தாய்ச்சி படியிறங்குவதுபோல் இறக்குகிறேன். பின்னால் இருசக்கர வண்டிகள் ஹாரனில் படுத்துக்கொள்கின்றன. அந்தச் சத்தத்தின் பொருளும் அதே கேள்விதான்.

வெயில் காலத்தில் இதையாவது பார்க்க முடியும். மழை வந்தால் வெள்ளைக்கோடு இருந்த இடம் தெரியாது. மேடும் பள்ளமும் ஒரே பழுப்புத் தண்ணீரின் கீழ் சமத்துவம் கண்டுவிடும். நடந்து போகிறவரைக் குறிவைத்து, அவர் முழங்கால் எங்கே நனைகிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டுகிறேன். இந்திரா காந்தி சதுக்கத்தில் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடச் சிறுவன் எனக்கு வழிகாட்டினான். அவன் மட்டும் கேள்வி கேட்கவில்லை. கூரை திறக்குமா என்றுதான் கேட்டான்.

வேலை கடலூர் மஞ்சக்குப்பத்தில். வாரத்தில் மூன்று நாள் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாகப் போகிறேன். சென்ற கார்த்திகையில் கன்னியக்கோயிலைத் தாண்டி ஒரு வளைவில், டிராக்டர் சக்கரம் உதிர்த்துப் போன சேறு, மேலே தூறல். வேகம் நாற்பதுதான். வால் ஒரு முழம் விலகியது. பிரேக்கை மிதிக்கவில்லை; மிதித்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் இலேசாகிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்தி, வால் போன பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொடுத்து, போக வேண்டிய இடத்தைப் பார்த்தேன். நேரானது. இரண்டு விநாடிக் கதை. டீக்கடை வாசலில் நின்றவர் ஓடிவந்து, "பின்சக்கர வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஐயா, அவர் ஏறிவந்த பஸ் பின்சக்கர வண்டி. சேற்றை உதிர்த்த டிராக்டர் பின்சக்கர வண்டி. அந்த வழியாகப் போகும் லாரி, ஆட்டோ, அவருடைய சொந்த மோட்டார் சைக்கிள், எல்லாமே பின்சக்கர வண்டி! அவை வழுக்கினால் சேற்றைத் திட்டுகிறோம். என் கார் வழுக்கினால் மட்டும் காரைத் திட்டுகிறோம். சாலையில் சேற்றைப் போட்டவனை யாரும் கேட்பதில்லை, எதிரே ஹை பீம் அடித்துக்கொண்டு வருகிறவனையும் யாரும் கேட்பதில்லை.

ஃபெஞ்சலைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. முதல் நாள் மாலையே காரைச் சற்று மேடான ஒரு சந்தில் நிறுத்திவிட்டு வந்தேன். விடிந்தபோது அங்கேயும் கதவின் அடிவிளிம்புவரை தண்ணீர். அக்கம்பக்கத்தினர் ஐந்து பேர் கூடி, அன்போடு, உண்மையான அன்போடு, ஒரே குரலில் சொன்னார்கள்: ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள்! சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக் கையால் மூடிக்கொண்டேன். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். கடலூரில் என் நண்பர் அதே காலையில் தன் காரை ஸ்டார்ட் செய்து பார்த்தார். ராடு வளைந்தது. காப்பீட்டுக்காரர்கள், வெள்ளத்தில் நனைந்ததற்குத் தருவோம், நனைந்த பிறகு நீங்கள் சாவியைத் திருகியதற்குத் தர மாட்டோம் என்றார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சில ஆயிரம் கட்டியிருக்க வேண்டுமாம். புதுப்பிக்கும்போது அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. நான் கட்டியிருந்தேன். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காயவைத்தேன், ஓடியது. நண்பருடையது ஓடவில்லை. அவருடையது எல்லாரும் வைத்திருக்கும் சாதாரண முன்சக்கரக் கார். அந்த ஊருக்கு அந்தக் கார் தேவையா என்று அவரை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இன்று மாலை முதல் கனமழை என்று வானொலியில் சொல்கிறார்கள். வேப்பமரம் மறுபடி உதிர்த்திருக்கிறது. நைலான் கம்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையைத் துடைத்துவிட்டு உட்காருகிறார்.