நீல இரத்தத்தின் சர்க்கரைக் கிளைகள்

மெல்லுடலிகளின் இரத்தப் புரதமான ஹீமோசயனின், வைரஸைத் தடுப்பதற்கு அதன் சர்க்கரைச் சங்கிலிகளும் காரணமாக இருக்கலாம் என்ற கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இரும்புக்குப் பதில் இரண்டு தாமிர அணுக்கள் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்வதால்தான் அந்த இரத்தம் நீலமாகிறது. நத்தை, சங்கு போன்றவற்றில் 20 துணை அலகுகள் சேர்ந்து, ஏறக்குறைய 80 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள உள்ளீடற்ற உருளையாக நிற்கின்றன. அதன்மேல் மேனோஸ், ஃபியூகோஸ், மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஏற்றப்பட்ட சர்க்கரைகள் எனக் கிளைகள்! மனித உடலில் இல்லாத அமைப்புகளும் இவற்றில் உண்டு. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் சட்டென்று விழித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அபலோன் என்ற கடல் நத்தையின் ஹீமோசயனின், ஹெர்பிஸ் வைரஸ் செல்லுக்குள் நுழைவதையே தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஆனால் செல் வளர்ப்பில் கிடைத்த வெற்றியை மருந்து என்று அழைப்பது அவசரம். சர்க்கரையை நொதியால் வெட்டி நீக்கிவிட்டு, வெறும் புரதத்தைச் சோதித்த முடிவையும் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் பெருமை சர்க்கரைக்கா, புரதத்துக்கா என்று எப்படிச் சொல்வது?