வட்டப் பாதைக்கு ஓர் அந்தாதி

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் வட்டப் பாதை (Circle Line) ரயிலில் வந்துகொண்டிருந்தோம். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள் கதவோரம் நின்று, விரல் வைத்து, "அ... வ... ச... ர..." என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். அவசரகால அறிவிப்பு அது. கடைசி வரிவரை படித்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகத்தில் அத்தனை பெருமை! எனக்குத்தான் மனசு கனத்தது. பெட்டி முழுக்கத் தேடியும் அவள் படிக்க வேறு தமிழ் இல்லை. செய், செய்யாதே என்கிற தமிழ் மட்டும்தான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் பாடம், பயிற்சித்தாள், தேர்வு. மதிப்பெண் போட யாரும் இல்லாத இடத்தில் நாலு வரி நல்ல தமிழ் கண்ணில் படட்டுமே.

லண்டன் சுரங்க ரயிலில் 1986 முதல் கவிதை ஒட்டுகிறார்கள். இங்கும் ரயிலில் கவிதை வைத்துப் பார்த்ததுண்டு. நான் கேட்பது நம் ஊர்த் தமிழ்க் கவிதை, நிரந்தரமாக.

நம் ஊரில் அப்படிக் கவிதை இருக்கிறதா என்றால், சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' 1887இல் வந்தது. நம் நகர ரயிலான எம்ஆர்டி ஓடத் தொடங்கியது 1987இல். ரயிலுக்கு நூறு வயது மூத்தது இந்த ஊர்த் தமிழ்க் கவிதை! கவிஞர் க.து.மு. இக்பாலுக்கு 2014இல், கலைஞர்களுக்கு அரசு தரும் உயரிய விருதான கலாசாரப் பதக்கமே கிடைத்தது. எங்கள் புளோக்கில் இருக்கும் தமிழ்ப் பையனிடம் அவர் பெயரைச் சொன்னேன், "யாரு அங்கிள்?" என்றான். அவன் தினமும் ரயிலில்தான் பள்ளிக்குப் போகிறான்.

என் ஆசை இது. ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவது அந்தாதி. கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தைத் தொட்டால் மண்டலித்தல் என்பார்கள். வட்டப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா? இன்றைய கவிஞர்கள் சேர்ந்து, நிலையத்துக்கு ஒரு பாட்டாகப் புதிதாக எழுதட்டும். சிராங்கூனில் முடியும் சொல் லோரோங் சுவானில் தொடங்கும், அங்கே முடிவது பீஷானில் தொடங்கும். அடுத்த பாட்டுக்காகவே பிள்ளைகள் சன்னலில் முகம் வைத்துக் காத்திருப்பார்கள்.

தமிழ் பெரிய எழுத்தில் இருக்கட்டும், கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு வரட்டும். பக்கத்தில் நிற்கும் சீன மாமிக்கும் மலாய்த் தம்பிக்கும் நாம் என்ன எழுதுகிறோம் என்று தெரிய வேண்டும். அப்புறம், அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணில் காட்டிவிடுங்கள். ஒரு பொது அறிவிப்பில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடந்ததைப் பார்த்து அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கவிதைக்கு அந்தக் கதி வரவே கூடாது.

முதல் பாட்டை டோபி காட் நிலையத்தில் வையுங்கள். வட்டப் பாதையின் முதல் எண் அந்த நிலையத்துக்குத்தான். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த துறை என்பதால் வந்த பெயர் அது. அந்தத் துறையைப் பற்றியே முதல் பாட்டு இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.