செயல்வழிக் கற்றலை மறந்துவிட்டு எழுதினால் எப்படி?

"குழந்தை மையக் கல்வியெல்லாம் பணக்காரத் தனியார் பள்ளிகளுக்குத்தான் சரிப்படும்" என்ற கட்டுரையாளரின் வரியைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் (ஒவ்வொரு பிள்ளையும் அட்டைகளை வைத்துத் தன் வேகத்தில் தானே கற்கும் முறை) தொடங்கி, நாலைந்து வருடத்தில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனதே, அது என்னவாம்? ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலி பள்ளியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையிலிருந்து எடுத்தது அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தில் தன் அட்டை எது என்று தானே பார்த்து எடுத்து வந்து, சுவரின் அடியில் கைக்கு எட்டுகிற கரும்பலகையில் தனக்கென்று ஒதுக்கிய கட்டத்தில் எழுதிப் பார்த்தார்கள், வரைந்ததைத் தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கவிட்டார்கள். காய்ச்சலில் நாலு நாள் வராவிட்டாலும் விட்ட அட்டையிலிருந்தே தொடர முடிந்தது, எனக்கு அதுதான் இதில் பெரிய விஷயம். குறை இல்லாமல் இல்லை. கிழிந்த அட்டைக்கு மாற்று லேசில் வரவில்லை, ஒரே ஆசிரியர் நாலு வகுப்பையும் மேய்த்துக்கொண்டு பதிவேடும் நிரப்ப வேண்டியிருந்தது. சரி, அது முறையின் குற்றமா, ஆள் போடாதவர்களின் குற்றமா? அப்புறம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துத்தானே பாடம்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.