கழுத்து எதுக்கு இருக்கு?

அந்த டேஷ்கேம் (வண்டிக்குள்ள மாட்டுற கேமரா) வீடியோ பத்தி இனிமே பேச வேணாம்னுதான் இருந்தேன். ஒரு வெள்ளைக் கார் வலது பக்கம் லேன் மாற, பக்கத்துல ஸ்கூட்டியில வந்த அம்மா கீழ விழுந்தாங்களே, அதுதான். மூணு நாளா ஊரே பேசி முடிச்சாச்சு. ஆனா லேன் மாறுறதுக்கு முன்னாடி திரும்பிப் பாருங்கன்னு நேத்து ராத்திரி நான் போட்ட நாலு வரிக்குக் கீழ ஒரு கமெண்ட்: "முன்னாடி பார்த்து ஓட்டத் தெரியாதவன்தான் பின்னாடி திரும்பிப் பார்ப்பான்." அதுக்கு வரிசையா சிரிப்பு எமோஜி. சிரிச்சவங்க நிறைய பேரோட புரொஃபைல் படத்துல கார் இருக்கு. சரி, பேசிடுவோம்.

வெள்ளைக் கார்க்காரர் இண்டிகேட்டர் போட்டார். ஒத்துக்கறேன். கண்ணாடியும் பார்த்திருப்பார், நம்புறேன். ஆனா ஸ்கூட்டியில வந்த அம்மா அப்ப எங்க இருந்தாங்க? அவரோட வலது பின்கதவுக்கு நேர் பக்கத்துல. வீடியோவை இன்னொரு தடவை போட்டு, காரோட பின்கண்ணாடி வழியா அவர் தலையை மட்டும் பாருங்க. கடைசி வரைக்கும் அது சீட்டை விட்டு ஒரு இஞ்ச் அசையல.

நான் சொன்னது இவ்வளவுதான்: லேன் மாறுறதுக்கு முன்னாடி, எந்தப் பக்கம் போறீங்களோ அந்தப் பக்கம் தோளுக்கு மேல ஒரு தடவை பாருங்க. கண்ணாடி பார்த்த பிறகும் பாருங்க. இதுக்கா இவ்வளவு சிரிப்பு?

நம்பாதவங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல காரை நிறுத்தி நீங்களே சோதிச்சுக்கலாம். வழக்கமா உட்கார்ற மாதிரி உட்காருங்க. வீட்ல யாரையாவது பின்னாடியிருந்து, கார்ல இருந்து ஒண்ணரை மீட்டர் தள்ளி, முன்னால நடந்து வரச் சொல்லுங்க. வலது கண்ணாடியில அவர் மறைஞ்சதும் "போச்சு"ன்னு கத்துங்க, அவர் அங்கேயே சாக்பீஸ்ல ஒரு கோடு போடட்டும். தலையைத் திருப்பாம ஓரக்கண்ணுல அவர் மறுபடி தெரிஞ்சதும் இன்னொரு கோடு. இறங்கி வந்து ரெண்டு கோட்டுக்கும் நடுவுல உங்க வீட்டு ஸ்கூட்டியை நிறுத்துங்க. பெரும்பாலும் முழுசா அடங்கும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கார் கிட்டத்தட்ட நாலு மீட்டர் நீளம். அது அந்த இடத்துல வந்தா மூக்கோ வாலோ ஏதோ ஒண்ணு வெளியே நீட்டிக்கிட்டு உங்க கண்ணுல படும். ஸ்கூட்டி ரெண்டு மீட்டர்கூட கிடையாது. முழுசா ஒளிஞ்சுக்கும். அதனாலதான் "இருபது வருஷமா ஓட்டறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்ல"ன்னு சொல்றவங்களுக்குக் கார் தெரிஞ்சிருக்கும், பைக் தெரிஞ்சிருக்காது. ஒண்ணும் ஆகாம இருந்ததுக்குக் காரணம், பக்கத்துல வந்த பைக்காரன் பிரேக் அடிச்சதுதான். அந்தப் புண்ணியக் கணக்கையும் இவங்க அனுபவத்துல எழுதிக்கிறாங்க.

இன்னொரு கணக்கு. கண்ணாடி பார்க்கறீங்க, இண்டிகேட்டர் போடறீங்க, மூணு நொடி கழிச்சு ஸ்டியரிங்கைத் திருப்பறீங்க. நீங்க 40ல போறீங்க, பின்னாடி பைக் 60ல வருது. அந்த மூணு நொடியில அவன் உங்களைவிடக் கிட்டத்தட்ட பதினேழு மீட்டர் அதிகமா வந்துருப்பான். கண்ணாடியில "தூரமா இருக்கான்"னு நினைச்சவன் இப்ப உங்க பின்கதவுல. (நம்ம ஊர்ல இண்டிகேட்டரைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, அது தனிப் பதிவு.) அதோட கண்ணாடியிலேயே எழுதியிருக்கும், தெரியறதைவிடப் பொருள் பக்கத்துல இருக்குன்னு. குவிந்த கண்ணாடி எல்லாத்தையும் சின்னதா, தள்ளிக் காட்டும். அதனால கடைசிப் பார்வை திரும்பறதுக்குச் சற்று முன்னாடி இருக்கணும். பழைய தகவலை வச்சு வண்டியைத் திருப்பக் கூடாது.

"ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கறது ஆபத்து இல்லையா?" நியாயமான கேள்வி, இதுக்கு மட்டும் பொறுமையா பதில் சொல்றேன். தோளுக்கு மேல ஒரு பார்வைக்கு அரை நொடி. 60ல போனா அந்த அரை நொடியில எட்டு மீட்டருக்குச் சற்று மேல போவீங்க. 80ல பதினொண்ணு. முன்னால போற வண்டியை ஒட்டிக்கிட்டே போறவர் இந்த அரை நொடியை எடுக்கக் கூடாதுதான். ஆனா அவர் லேன் மாறவும் கூடாது. முதல்ல மூணு நொடி இடைவெளி விடுங்க, அப்புறம் நடுக் கண்ணாடி, வலது கண்ணாடி, இண்டிகேட்டர், மூணு நாலு தடவை மினுக்கின பிறகு தாடையை மட்டும் தோள் பக்கம் கொண்டு போங்க. பின்கதவுக் கண்ணாடி வழியா ஒரு வெட்டுப் பார்வை. உடனே முன்னாடி. பின்னாடி என்ன இருக்குன்னு ஆராய வேணாம், அந்த இடம் காலியா இல்லையான்னு தெரிஞ்சா போதும். புதுசா பழகறவங்க செய்யற தப்பு, இடுப்போட சேர்ந்து திரும்பறது. உடம்பு திரும்பினா கை கூடவே வரும், கை வந்தா ஸ்டியரிங் வரும், பார்க்கும்போதே பக்கத்து லேனுக்குப் போயிடுவாங்க. நின்ன கார்ல உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை அசையாம தாடையை மட்டும் திருப்பிப் பழகணும்.

இடது பக்கம் இன்னும் மோசம். நடுவுல பக்கத்து சீட் ஆளோட தலை, ஹெட்ரெஸ்ட், பின்கதவுல மாட்டின கறுப்பு சன்ஷேடு, கொக்கியில தொங்கற சட்டை. திரும்பிப் பார்த்தாலும் சட்டைதான் தெரியும். அதைக் கழட்டிப் பின்சீட்ல போடுங்க.

"கண்ணாடியைச் சரியா வச்சா ப்ளைண்ட் ஸ்பாட்டே (கண்ணாடியிலயும் ஓரக்கண்ணுலயும் படாத இடம்) கிடையாது"ன்னு ஒருத்தர் இங்கிலீஷ்ல பாடம் எடுத்திருந்தார். பாதி சரி. 1995ல ஜார்ஜ் பிளாட்ஸர்ங்கிறவர் இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கார். தலையை வலது ஜன்னல் கண்ணாடிகிட்ட சாய்ச்சு, சொந்தக் காரோட பக்கம் லேசா தெரியற வரைக்கும் வலது கண்ணாடியை வெளியே தள்ளணும். அதே மாதிரி கியர் லிவருக்கு நேரா சாய்ஞ்சு இடது கண்ணாடி. செய்யுங்க, நல்லது. ஆனா கமெண்ட்ல சண்டை போடற எத்தனை பேரு அப்படி வச்சிருக்கீங்க? முக்கால்வாசிப் பேர் கண்ணாடியில பாதி அவங்க சொந்தக் கதவுதான் தெரியுது. கதவு எங்கயும் ஓடிடாது சார்.

அதுவும் நேர் ரோட்டுக்குத்தான். சென்னை கத்திப்பாரா மேம்பாலத்துல லூப்ல (வளைஞ்சு இறங்கற பாதை) இறங்கி மெயின் ரோட்ல சேரும்போது உங்க கார் சாய்வா இருக்கும். கண்ணாடி காட்டறது நீங்க இறங்கி வந்த லூப்பை. சேரப் போற ரோடு அதுல இல்லவே இல்ல. அங்க கழுத்தைத் தவிர வேற வழி கிடையாது.

"என் கார்ல சென்சார் இருக்கு." வாழ்த்துகள். பின்பம்பர் மூலையில இருக்கற ரேடார் மேல சேறு அப்பினா அது குருடு. கேமரா வகையா இருந்தா, இண்டிகேட்டர் போட்டாதான் படம் காட்டும். போடாதவருக்கு அது லட்ச ரூபா அலங்காரம்.

லாரிக்கு இது பொருந்தாது, உண்மை. திரும்பிப் பார்த்தா கேபின் சுவர்தான். அதுக்குத்தான் இடது ஜன்னல்ல தலையை நீட்டிக்கிட்டு ஒரு கிளீனர் தம்பி கதவைத் தட்டுவான். அவன்தான் லாரியோட கழுத்து. இப்ப சம்பளம் மிச்சம்னு நிறைய லாரியில அவனே கிடையாது. ஆட்டோ அண்ணனைப் பாருங்க. இண்டிகேட்டர் எரியுமோ எரியாதோ, தலையை வெளியே நீட்டி ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வெட்டுவார். அவரைக் கிண்டல் பண்றவர் ஏசி கார்ல கழுத்தை ஷோகேஸ்ல வச்ச மாதிரி போறார்.

"நம்ம ஊர்ல லேனே இல்ல, எதுக்கு இதெல்லாம்?" அதனாலதானே சொல்றேன்! மூணு லேன்ல அஞ்சு வரிசை போகுது. நீங்க அரை அடி நகர்ந்தாலே அது யாரோ ஒருத்தரோட பாதை. லைசென்ஸ் டெஸ்ட்ல சிக்னலோட கவனமா லேன் மாறத் தெரியணும்னு 1989 மோட்டார் வாகன விதிகள்லயே இருக்கு. நாம எட்டு போட்டோம், வாங்கிட்டு வந்தோம்.

எல்லாத்தையும் விட என்னைக் குடைஞ்ச கமெண்ட், "அந்த அம்மா அங்க ஏன் வரணும்?" எங்க வரணும்? நடைபாதையிலயா? அவங்களும் வரி கட்டின ரோடுதானே? 2022ல இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் ரெண்டு சக்கர வண்டியில போனவங்க. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதலிடம் நம்ம தமிழ்நாடு. இந்த நம்பரைப் போட்டா "டேட்டா எடுத்துட்டு வந்துட்டான்"னு ஒரு சிரிப்பு. போடலைன்னா "ஆதாரம் எங்க"ன்னு ஒரு சிரிப்பு. விழுந்தவங்க கொண்டு வந்த சாப்பாட்டுக் கூடை உருண்டு போச்சே, அதுக்கும் ஒருத்தர் சிரிச்சிருந்தார். அவரை நண்பர் பட்டியல்ல இருந்து எடுத்துட்டேன்.

கழுத்து வலி இருக்கறதால திரும்ப முடியாதுன்னு உருப்படியா கேட்ட பெரியவர் ஒருத்தருக்கு மட்டும் இது. ஒட்டற சின்ன வட்டக் குவிகண்ணாடி ரெண்டு வாங்குங்க. ரெண்டு பக்கமும் வெளிப்பக்க மேல் மூலையில ஒட்டுங்க ஐயா, அங்க தெரியறது பெரும்பாலும் வானம்தான். ஒட்டறதுக்கு முன்னாடி கண்ணாடியைத் துடைச்சு நல்லா காய விடுங்க, ஈரத்துல ஒட்டினா கழண்டுடும். அதுல உருவம் ரொம்பச் சின்னதா தெரியும், அதனால எவ்வளவு தூரம்னு அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. யாரோ இருக்காங்களான்னு பார்க்க மட்டும்.