ரயிலைப் பார்த்து யாரும் ஓடவில்லை

ஞாயிற்றுக்கிழமை பழைய படங்களின் திரையிடலில் பேச்சாளர் அடித்த கேலியைப் பற்றி இரண்டு நாளாக எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அந்தப் பேச்சின் வீடியோத் துண்டையும் அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. சொல்லிவிடுகிறேன்.

சினிமாவைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுக்காரர்களான லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் முதல்முறை ரயில் படத்தைப் போட்டதும், நிஜ ரயில்தான் வருகிறது என்று நினைத்து ஜனங்கள் அலறியடித்து ஓடினார்கள் என்றார் பேச்சாளர். அரங்கமே சிரித்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. 1895 டிசம்பர் 28, கிராண்ட் கஃபேயின் நிலவறைக் கூடம், டிக்கெட் ஒரு பிராங்க், காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர், காட்டியது பத்துப் படங்கள். அந்தப் பத்தில் ரயில் படமே கிடையாது. அது திரைக்கு வந்தது அடுத்த ஜனவரியில். அப்போதும் கூட்டம் ஓடியது என்று சொல்ல அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்றுகூட இல்லை, ஆய்வாளர்கள் துருவித் துருவித் தேடியும் கிடைக்கவில்லை. இன்னொன்று, அந்த ரயில் நம்மைப் பார்த்து நேராக வருவதே இல்லை. படத்தைத்தான் அன்றைக்கு எல்லாரும் பார்த்தோமே! சாய்வாக வந்து இடப்பக்கமாக ஒதுங்கிப் போய் நிற்கிறது. கதவு திறக்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அன்றைக்கு அந்தப் படங்களைப் பார்த்த ஜனங்கள் யார் என்றாவது யோசித்தோமா? திரையையே பார்த்திராத ஜனமா? அதே பாரிஸில் அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்பே ராபர்ட்சன் என்பவர், சக்கரம் வைத்த விளக்குப் பெட்டியைத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து, பேய் உருவங்களைப் பெரிதாக்கிக் காட்டினார். எமில் ரேனோ 1892 அக்டோபரிலிருந்து க்ரேவன் மியூசியத்தில் கையால் வரைந்த நகரும் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். அது கிராண்ட் கஃபேயிலிருந்து நடந்தே போகிற தூரம். ஒவ்வொருவராகக் கண்ணை வைத்து நகரும் படம் பார்க்கிற எடிசனின் பெட்டியும் 1894-லேயே பாரிஸுக்கு வந்துவிட்டது. அவர்கள் கண்ணுக்குப் பழக்கம் இருந்தது. அவர்கள் முட்டாள்கள் இல்லை.

அந்த முதல் காட்சியில் ஜார்ஜ் மெலியெஸ் உட்கார்ந்திருந்தார். சொந்தமாக நாடக அரங்கு வைத்திருந்த மேஜிக்காரர், பின்னால் தானே படமெடுத்தவர். அவர் பின்னாளில் சொன்னதைக் கேளுங்கள். முதலில் திரையில் ஒரு தெருவின் அசையாத புகைப்படம் விழுந்திருக்கிறது. இதற்கா கூப்பிட்டார்கள், நான் பத்து வருஷமாகச் செய்வதுதானே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி முடிப்பதற்குள், படத்தில் வண்டி இழுத்த குதிரை நடக்க ஆரம்பித்துவிட்டது. வாயடைத்துப் போனார்கள். காட்சி முடிந்ததும் மெலியெஸ் கிளம்பி ஓடவில்லை. லூமியேர்களின் அப்பாவிடம் போய் அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார், அவர் தரவில்லை. பயந்தவன் விலை கேட்பானா? வியப்பு வேறு, ஏமாறுவது வேறு. இந்த ஒன்றைத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உடனே சிலர் ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியைக் கொண்டுவருவீர்கள். தெரியும். 1896-ல் ரஷ்யாவில் ஒரு கண்காட்சியில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, ரயில் நம் மேல் பாய்ந்து நசுக்கிவிடும் போலிருக்கிறது என்கிற மாதிரி எழுதினார், உண்மைதான். முழுதாகப் படியுங்கள். இதுவும் நிழல்களால் ஆன ரயில்தான் என்று கையோடு அவரே சொல்கிறார். அவரை உலுக்கியது ரயில் இல்லை. எல்லாம் சாம்பல் நிறமாக இருப்பதும், அத்தனை பேர் சிரித்து நடமாடியும் ஒரு சத்தமும் வராததும்தான். இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண்ணை நாம் கேலி செய்கிறோம்.

இந்தக் கேலி எங்கிருந்து வந்தது தெரியுமா? சினிமாக்காரர்களே செய்தது. 1901-ல் லண்டனில் ராபர்ட் பால் ஒரு குட்டிப் படம் எடுத்தார். பட்டிக்காட்டான் ஒருவன் திரையில் ரயில் வருவதைப் பார்த்து மிரண்டு ஓடுகிறான், பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டும். மறு வருஷமே எடிசன் கம்பெனி அதே மாதிரி ஒன்றை அமெரிக்காவில் எடுத்தது. டிக்கெட் வாங்கியவனுக்கு, நான் அவனைப் போல இல்லை என்று ஒரு திருப்தி. அந்தத் திருப்திக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையும் சிரித்தோம். அதோடு விட்டாரா பேச்சாளர்? "நம்ம ஊர்லயும் டிவி வந்தப்ப கிழவிங்க தலையில முக்காடு போட்டாங்களே" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

எங்கள் அப்பத்தாவைப் பற்றி எங்கள் வீட்டிலும் இதே கதை உண்டு. 1987-ல் வீட்டுக்கு டிவி வந்த அன்றைக்கு, செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பார்க்கிறார் என்று அப்பத்தா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டதாம். எந்தக் கல்யாண வீட்டிலும் சித்தப்பா இதைச் சொல்லாமல் இலையில் உட்கார்ந்ததில்லை. நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். காலேஜ் படிக்கும்போது ஒருநாள், கொல்லையில் புளி தட்டிக்கொண்டிருந்த அப்பத்தாவிடம் நிஜமாகவே பயந்தாயா என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னது: "அந்தாளு அங்கிட்டுப் பேப்பரப் பாத்து வாசிக்கிறான், எனக்கென்ன? தெருவு ஆம்பளைக அம்புட்டுப் பேரும் நம்ம கூடத்துல வந்து உக்காந்திருந்தானுக. நான் குளிச்சிட்டு ஈரச் சேலையோட வந்தேன்." அவ்வளவுதான் விஷயம். அத்தனை வருஷம் அதைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சிரிக்க மட்டும் தோன்றியது.

படம் போடுகிற நேரத்தில் ஜாலியாகப் பேசினால் தப்பா என்கிறார் ஒரு நண்பர். தப்புதான். மேலே பதில் சொல்லத் தோன்றவில்லை. எனக்கு ஆறாத விஷயம் வேறு. மூன்றாவது வரிசையில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் இரண்டு தடவை கை தூக்கினாரே, பார்த்தீர்களா? டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். நேரமில்லை என்று அவருக்கு மைக் கொடுக்கவில்லை. வெளியே டீக்கடையில் அவரிடம் பேசினேன். தம்பி, அது கைப்பிடி சுற்றி எடுத்த படம், செகண்டுக்குப் பதினாறு பிரேம்தான், பதினாறு தனிப் படம்தான் இருக்கும், அதை இவர்கள் இருபத்துநாலில் ஓட்டினால் திரையில் இருக்கிற எல்லாரும் ஓடத்தான் செய்வார்கள் என்றார். லியோன் நகரத்தில் லூமியேர்களின் தொழிற்சாலையிலிருந்து பெண்கள் வெளியே வருகிற படத்தை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து வருகிறவர்கள், ஒருத்தி விளையாட்டாகப் பக்கத்தில் போகிறவளின் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். அதை ஞாயிற்றுக்கிழமை தடதடவென்று ஓடவிட்டு, மேலே காமெடி மியூசிக் வேறு. அந்தப் பெண்கள் அப்படி நடக்கவில்லை. சாதாரணமாக, நம் அம்மாமார் மில்லு விட்டு வருகிற மாதிரிதான் நடந்து வந்தார்கள்.

அடுத்த மாதம் மெலியெஸ் படங்கள் போடப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். வருகிறேன். சரியான வேகத்தில் ஓட்டுங்கள், பேச்சு ஆரம்பிக்கும் முன்னால் அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுங்கள். பஸ் வசதி இல்லையென்றால் நானே போய்க் கூட்டி வருகிறேன்.