முடிவு தெரிவது குறையல்ல

"கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிவதால், மதிப்பிடும்போது எந்த வகைக் காதல் நாவலானாலும் ஒரே மார்க்தான்" என்று நீங்கள் சொல்வது சரியில்லை. நம்பிக்கையான முடிவு இந்த இலக்கியத்தின் இலக்கணம். துப்பறியும் கதையில் கொலையாளி பிடிபடுவதை யாரும் குறை சொல்வதில்லையே! மார்க், எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்கு.

அந்த 'எப்படி' வகைக்கு வகை மாறும். ரொமான்டிக் சஸ்பென்ஸில் (காதலோடு ஆபத்தும் கலந்த கதை) ஆபத்தை உருவிவிட்டுப் பாருங்கள். காதல் அசையாமல் நின்றால் சஸ்பென்ஸ் வெறும் ஒட்டு. சமகாலக் கதையில், ஒரு போன் காலில் தீர்கிற மனஸ்தாபத்தை 200 பக்கம் இழுத்தால் சொதப்பல்.

ரீஜென்சி (இங்கிலாந்தில் மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலம், 1811–1820) கதைகளில் சட்டமே தடையாக வரும். 1753-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் திருமண லைசென்ஸ் வாங்கி மணக்க அப்பா சம்மதிக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் அது தேவைப்படவில்லை. ஜோடிகள் எல்லை தாண்டி, கிரெட்னா கிரீன் என்ற ஸ்காட்லாந்து எல்லையோர ஊருக்கு ஓடியது அதனால்தான். 25 வயது நாயகியை 'அப்பா சம்மதிக்கவில்லை, சட்டம் விடாது' என்று அங்கே ஓடவைத்தால் கதையின் அச்சாணியே கழன்றுவிடும். டியூக்கின் (உயர்ந்த பட்டம் பெற்ற பிரபு) இளைய மகனை 'லார்ட்' போட்டு வெறும் குடும்பப் பெயரால் கூப்பிடுவதும் பிழைதான், ஆனால் அதற்கு அரை மார்க் குறைத்தால் போதும்.